ஹட்டனில் ஒரு வயரிங் கராஜ்: பழைய ஹோண்டாவின் ஹேண்டிலுக்குள் ஓடும் வயர்களை மாற்றிய அனுபவம்

வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில் எத்தனை கூர்மையான இடப்பக்க வளைவுகள் உள்ளன என்பதைக் கடந்த மழைக்காலத்தில் எனது மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது. ஹேண்டிலை இடப்பக்கம் சற்று அதிகமாகத் திருப்பும்போதெல்லாம், எனது பெருவிரல் பட்டனின் அருகில்கூட இல்லாத நிலையில், ஹோர்ன் தானாகவே கம்மிய குரலில் ஒலிக்கும், நேராக்கினால் நின்றுவிடும். எதிரே வந்த பஸ் சாரதி ஒருவர், நான் அவரைத் திட்டுவதாக எண்ணி, பதிலுக்குத் தமது ஹோர்னை நெடுநேரம் அழுத்திச் சென்ற அன்றுதான் இதற்கு மேலும் பொறுக்கலாகாது என்று முடிவுசெய்தேன். அந்தக் கோளாறைத் தீர்த்துத் தந்த ஹட்டன் கராஜ் ஒன்றைப் பற்றியதே இந்த மதிப்பீடு. வேலை எனக்குத் திருப்தி தந்தது. இரண்டு மூன்று விடயங்களில் திருப்தியில்லை. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டி 1971ஆம் ஆண்டின் ஹோண்டா சி.பி.350. அந்த வகை 1968 முதல் 1973 வரை தயாரானது. பெயரில் 350 என்றிருந்தாலும் இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தின் கொள்ளளவு 325 சி.சி. மட்டுமே. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த எனது தகப்பனார், மாற்றலாகிப் போன ஒரு சின்னத்துரையிடமிருந்து (தோட்டத்தின் உதவி முகாமையாளர்) இதை வாங்கினார். அக்கால ஹோண்டாக்களின் ஹேண்டிலைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு எதனால் என்று தெரியும். சுவிட்சுகளிலிருந்து வரும் வயர்கள் வெளியே தொங்குவதில்லை. சுவிட்ச்கூட்டின் அடியிலுள்ள சிறு துளை வழியாக அவை குழாய்க்குள் இறங்கி, உள்ளேயே ஓடி, நடுவில் கிளாம்புகளுக்கு இடையே கீழ்ப்புறமாக வெளிவந்து, ஹெட்லைட்டின் பின்புறத்தால் அதன் கூட்டுக்குள் நுழைகின்றன. கண்ணுக்கு இனிமையான ஏற்பாடுதான். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வயர்களை மாற்ற நேர்ந்தவனுக்கு அது இனிமையாக இருப்பதில்லை.

இதற்கு முன்னர் வேறோர் ஊரிலுள்ள கராஜ் ஒன்றில் வண்டியைக் காட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். ஹேண்டிலுக்குள் வயர் இழுப்பது வீண் வேலை என்றும், பழையதை வெட்டிவிட்டு இன்றைய வண்டியொன்றின் சுவிட்ச் சோடியைப் பூட்டி, வயர்களை வெளியே தேப் சுற்றிக் கட்டிவிடலாம் என்றும் அங்கே சொன்னார்கள். ஒரு மணி நேர வேலை என்பது உண்மைதான். நான் மறுத்தபோது, அப்போதைக்கு என்று இரண்டு வயர்களை நடுவில் வெட்டி முறுக்கித் தேப் சுற்றித் தந்தார்கள். மூன்றாவதாக ஒரு பச்சை வயரைத் தேவையில்லை என்று நீக்கியும் விட்டார்கள். அருகில் நின்றும் அந்தப் பச்சை வயர் எதற்கு என்று கேட்காதது எனது தவறு. அதன் விலையைப் பின்னர் கொடுத்தேன்.

இந்தக் கராஜைச் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஹட்டன் கடைத்தெருவிலிருந்து பிரிந்து சரிவில் இறங்கும் ஒரு சந்தில், மண்மேட்டை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. பெரும்பாலும் முச்சக்கரவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் வயரிங் செய்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், அவருக்கு உதவியாக ஒரு பையன், அவ்வளவுதான். உட்கார ஓர் ஆசனம் உண்டு. அதில் பெரும்பாலும் ஒரு பெட்டரி உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் பாஸ் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஸ்பானரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை ஹேண்டிலில் குரோம் உரிந்து வெறும் இரும்பு தெரிந்த இடத்திலும் வைத்து, என்னை ஹோர்னை அழுத்தச் சொன்னார். மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது. இரண்டு இடங்களும் ஒரே எர்த், அதாவது மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பும் ஒரே இரும்பு வழி, என்றால் அங்கே ஏறக்குறையப் பூச்சியம் இருந்திருக்க வேண்டும். "ஹோர்ன்ல பிழை இல்ல சேர். கரண்டு வீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாம கிளச் கேபிள்ல ஏறிப் போகுது" என்றார்.

பழைய ஹோண்டா வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் ஹோர்ன் பட்டனும் ஸ்டார்ட்டர் பட்டனும் மின்சாரத்தை அனுப்புவதில்லை. அதை எர்த்துக்கு விடுகின்றன. ஹோர்னுக்குச் சாவியின் வழியாக மின்சாரம் எப்போதும் வந்து காத்திருக்கும். அங்கிருந்து வரும் இளம்பச்சை வயரைப் பட்டன் ஹேண்டிலின் இரும்போடு தொடவைக்கும்போது சுற்று முடிந்து ஹோர்ன் ஒலிக்கும். ஆகவே ஹேண்டிலே ஒரு வயர். அதிர்வைக் குறைப்பதற்காக ஹேண்டில் கிளாம்பின் அடியில் ரப்பர் இருப்பதால், ஹேண்டிலிலிருந்து சட்டகத்துக்குத் தனியாக ஓர் எர்த் வயர் கட்டாயம் வேண்டும். முந்திய கராஜ் தேவையில்லை என்று நீக்கிய பச்சை வயர் அதுதான். அது போனபின் மின்சாரம் கிளச் கேபிளின் இரும்பு உறை வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஹோர்னின் குரல் கம்மியதற்கும் அதுவே காரணம். வளைவில் தானாக ஒலித்ததன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. குழாய்த் துளையின் விளிம்பில் உரசி உரசி இளம்பச்சை வயரின் உறை தேய்ந்துவிட்டது. ஹேண்டில் திரும்பும்போது வயர் இழுபட்டு, வெறும் செம்பு இரும்பைத் தொட்டது. பட்டனை அழுத்துவதும் அதுவும் மின்சாரத்துக்கு ஒன்றே. அதே துளையில் மஞ்சள்-சிவப்பு ஸ்டார்ட்டர் வயரும் போகிறது. அது தேய்ந்திருந்தால் ஓடும் இயந்திரத்தின் மேல் ஸ்டார்ட்டர் சுழன்றிருக்கும் என்று பாஸ் சொன்னபோது எனக்கு முதுகில் குளிர்ந்தது.

இனி கழற்றிய முறை. பெட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் விடுவித்தார். ஹெட்லைட் வளையத்தைக் கழற்றி, கூட்டுக்குள் இருந்த வயர் கொத்தை என் கைத்தொலைபேசியில் நான்கு கோணங்களில் படமெடுக்கச் சொன்னார். பிறகு காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரைக் கீற்றுகளாகக் கிழித்து, இடப்பக்க வயர்களுக்கு இ1, இ2 என்றும் வலப்பக்கத்துக்கு வ1, வ2 என்றும் பேனையால் எழுதி, ஒவ்வொரு புல்லட் இணைப்பின் (குண்டு வடிவ உலோக முனையைச் செருகிப் பூட்டும் வயர் இணைப்பு) இரு பக்கத்திலும் ஒட்டினார். நிறங்கள்தான் இருக்கின்றனவே என்று நான் கேட்டேன். ஹோண்டாவில் பச்சை எர்த், கறுப்பு சாவிக்குப் பின் வரும் மின்சாரம், நீலம் ஹை பீம், வெள்ளை லோ பீம், செம்மஞ்சள் இடப்பக்கச் சிக்னல், இளநீலம் வலப்பக்கச் சிக்னல், சாம்பல் சிக்னல் ரிலேயிலிருந்து வருவது என்று நான் மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்தும் காட்டினேன். அவர் ஒரு வயரை எடுத்து நகத்தால் சுரண்டினார். சாம்பல் என்று நான் நினைத்தது, அழுக்குக்கு அடியில் இளநீலமாக இருந்தது. அதன் பிறகு நான் அதிகம் பேசவில்லை.

கிரிப்பை வெட்டாமல் எடுத்தார். ரப்பருக்கும் குழாய்க்கும் இடையே மெல்லிய ஊசியை நுழைத்துக் காற்று அடித்தபோது, அது பலூன் போல உப்பி, கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. கிளச் லீவரும் பிரேக் லீவரும் தளர்ந்தன. வலப்பக்கச் சுவிட்ச்கூட்டிலிருந்து எக்ஸிலேட்டர் கேபிள் பிரிந்தது. வயர்களை உருவும் கட்டம் வந்ததும் பையனை அழைத்தார். நடுத்துளையிலிருந்து சுவிட்ச் துளைவரை புல்லட் முனைகள் அத்தனையும் குழாய்க்குள் பயணம் செய்ய வேண்டும்; கொத்தாக இழுத்தால் நிச்சயமாகச் சிக்கும். ஒவ்வொரு முனையையும் முன்னதிலிருந்து ஒரு விரல் அகலம் பின்தள்ளி வைத்து, எலிவால் போல மெலிந்து முடியுமாறு தேப் சுற்றினார். அதன்மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தடவி, பையன் நடுவில் உள்ளே தள்ளத் தள்ள, அவர் மறுமுனையில் ஊட்டுவதற்கு ஏற்ற அளவில் மட்டும் இழுத்தார். தள்ளுபவர் ஓய்ந்தால் இழுப்பவரும் ஓய வேண்டும் என்பதே அங்கே சட்டம். எண்ணெயோ கிரீஸோ பூசலாமே என்றேன். ரப்பர் ஊறிப்போகும் என்று தலையை ஆட்டினார். ஒரு வயரைக்கூட வெட்டாமல் வெளியே எடுத்து, புதியவற்றுக்கு அளவாக ஒரு பலகையில் ஆணியடித்து விரித்து வைத்தார்.

வெளியே வந்த வயர்களின் நிலையைப் பார்த்தவர் எவரும் "இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாம்" என்று சொல்லமாட்டார். பிளாஸ்டிக் உறை காய்ந்த பனையோலை போல விறைத்திருந்தது, மடித்தால் வெடித்தது. உறையைச் சீவியபோது செம்பு செம்பாக இல்லை. முனையருகே பச்சைக் களிம்பு, அதற்கு மேல் ஒரு சாண் தூரத்துக்குக் கறுப்பு. புல்லட் முனையில் நுழைந்த ஈரம், திரி எண்ணெயை இழுப்பதுபோல இழைகளுக்கு இடையே ஏறிவிடும் என்று பாஸ் விளக்கினார். இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. அந்த மழையில் தினமும் பாடசாலைக்குப் போய்வந்த வண்டிக்கு இது வியப்பன்று. களிம்பேறிய செம்பில் ஈயம் ஒட்டாது என்பதால், பழைய வயரில் புதிய துண்டை இணைப்பது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

ஹேண்டில் கழன்ற சந்தர்ப்பத்தில் அதைக் கண்டிக்கு அனுப்பிக் குரோம் பூசுவித்தேன். அது வேறு கடையின் வேலை. பூச்சு நன்றாகவே வந்தது. ஆனால் பாஸ் பூச்சைப் பார்ப்பதற்கு முன்னர் துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பூசும் தொட்டியில் மின்னோட்டம் விளிம்புகளில் அதிகம் குவிவதால் உலோகமும் அங்கேதான் தடித்தும் கரடுமுரடாகவும் படிகிறது. பளபளக்கும் புதிய ஹேண்டிலின் துளை விளிம்பு ஒரு சிறு அரிவாள். வட்ட அரத்தால் மூன்று துளைகளையும் அவர் மழுக்கியதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது. குழாய்க்குள் பூச்சுத் திரவம் எஞ்சியிருந்தால் உள்ளிருந்தே துருவேறும் என்று, அப்பச்சோடா கரைத்த நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, நல்ல நீரில் கழுவி, வெயிலில் வைத்தார். அன்று ஹட்டனில் வெயில் இல்லை. ஆகவே இரண்டு நாட்கள் வைத்தார்.

புதிய வயரில்தான் எனது முதல் குறை. வீட்டு வயரைப் பயன்படுத்தாமல், பல மெல்லிய இழைகள் கொண்ட வாகன வயரையே போட்டது சரி. துளைகளுக்கான ரப்பர் வளையங்களையும் புல்லட் முனைகளையும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து தெரிந்தவர் மூலம் எடுப்பித்ததும் சரி. ஆனால் நிறங்கள் கிடைக்கவில்லை என்று வலப்பக்கச் சிக்னலின் இளநீல வயருக்குப் பதிலாக நீல வயரைப் போட்டுவிட்டார். ஹோண்டாவில் நீலம் ஹை பீமுக்கு உரியது என்று மேலே சொன்னேன். இப்போது எனது ஹெட்லைட் கூட்டுக்குள் இரண்டு நீல வயர்கள் இருக்கின்றன. ஒன்றின் முனையில் மஞ்சள் உறை ஒன்று மாட்டியிருக்கிறது. தேயிலைப் பெட்டி அட்டையில் நிறப் பட்டியல் எழுதிப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கூட்டுக்குள் வைத்துத் தந்தார் என்றாலும், பத்து ஆண்டுகள் கழித்து இதைத் திறக்கப்போகும் இன்னொரு பாஸ் அந்த அட்டையைத் தேடுவார் என்று நான் நம்பவில்லை. இன்னும் ஒரு வாரம் காத்திருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டிருக்கலாம், காத்திருந்திருப்பேன்.

உள்ளே இழுத்த விதத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. வெறும் குழாயில் வழி எடுப்பதற்கு, மீன்பிடிக்கும் தங்கூஸில் சிறிய ஈயக்குண்டு ஒன்றைக் கட்டிச் சுவிட்ச் துளையில் இறக்கி, ஹேண்டிலைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டினார். குண்டு வளைவுகளில் உருண்டு போகும் ஓசையைக் காது வைத்துக் கேட்டு, நடுத்துளைக்கு வந்ததும் வளைந்த கம்பியால் கொளுவி எடுத்தார். இரு பக்கத்துக்கும் தங்கூஸை முதலிலேயே போட்டுவிட்டார். ஒரு பக்கத்து வயர்கள் துளையை அடைத்துக்கொண்டபின் மறுபக்கத்துக்கு வழி தேடுவது முட்டாள்தனம் என்பது அவரது கருத்து. வயர்களின் மேல்முனைகளைச் சுவிட்ச் தகடுகளில் ஈயம் வைத்து முடித்திருந்தார். கீழ்முனைகளில் புல்லட் இன்னும் பூட்டப்படவில்லை. ஆகவே போகும்போது எலிவால் இன்னும் மெல்லியதாக இருந்தது. தடித்த வலப்பக்கக் கொத்து முதலில் போனது, இடப்பக்கம் பிறகு. இரண்டாவது ஒருமுறை பாதியில் நின்றது. வலுவாக இழுக்காமல் முழுவதையும் வெளியே எடுத்து, ஒரு வயர் மற்றதன்மேல் ஏறியிருந்ததை நேராக்கி, மறுபடி பவுடர் தூவி அனுப்பினார். நானாக இருந்தால் இழுத்திருப்பேன்.

புல்லட் முனைகளை நெரித்து மட்டுமே பூட்டினார்; ஈயம் வைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை ஊசிபோல விறைக்கச் செய்யும், அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒடியும். ஈயம் தவிர்க்க முடியாத சுவிட்ச் முனைகளில், கொத்தை நூலால் கூட்டின் உட்புறத்தில் கட்டி, இழுவிசை ஈயத்தின்மேல் விழாமல் செய்திருக்கிறார். நீக்கப்பட்ட எர்த் வயர் திரும்ப வந்தது: கிளாம்புப் போல்ட்டின் அடியில் பல்வைத்த வாஷர், அங்கிருந்து தடித்த பச்சை வயர் ஹெட்லைட் கூட்டிலுள்ள எர்த் கொத்துக்கு.

பூட்டி முடித்ததும் ஹேண்டிலை இருபுறமும் எல்லைவரை திருப்பி, நடுத்துளைக்கும் கூட்டுக்கும் இடையே வயர் இறுகாமல் ஒரு தளர்ச்சி இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு இயந்திரத்தை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி திருப்பினார். வலப்பக்கம் திருப்பியபோது இயந்திரத்தின் ஓசை மெல்ல உயர்ந்தது. எக்ஸிலேட்டர் கேபிள் தப்பான வழியில் போகிறது என்பதற்கு அது அடையாளம். அரை மணி நேரத்தில் கேபிளைக் கழற்றி வேறு பக்கமாக விட்டார். இப்படி ஒரு சோதனை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

முடிவை மீட்டரிலேயே காட்டினார். ஹோர்னை அழுத்தும்போது 1.4 வோல்ட் இருந்த இடத்தில் 0.05. ஹெட்லைட்டின் கணக்கு அதைவிட எனக்கு முக்கியமானது. முன்பு பெட்டரியில் 12.3 வோல்ட் இருக்கும்போது பல்பின் முனையில் 10.6 மட்டுமே கிடைத்தது, இப்போது 11.8. சுவிட்சின் செம்புத் தகடுகளை மெல்லிய எமரித் தாளால் துலக்கி, வாசலின் ஒரு துளி வைத்ததும் இதற்குக் காரணம். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கும் பாதையில் இந்த ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவான வித்தியாசத்தைக் கண் உடனே உணர்கிறது.

கூலி 16,000 ரூபா, பொருட்களுக்கு 5,500 ரூபா; குரோம் இதில் சேராது. வேலையைப் பார்க்கும்போது இது அதிகமென்று சொல்லமாட்டேன். ஆனால் விலையை முதலில் சொல்லவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை. நான்கு நாட்கள் என்றவர் பதினொரு நாட்கள் எடுத்தார். குரோம் கடையில் போன நாட்களைக் கழித்தாலும் ஏழு. இடையில் தொலைபேசி எடுத்தால் "நாளைக்கு சேர்" என்ற ஒரே பதில். இடப்பக்கக் கிரிப்பைச் சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். பையன் வேலை என்று நினைக்கிறேன். திரும்பக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் சரிசெய்தார்கள், காசும் வாங்கவில்லை.

அவசரமாக வண்டி தேவைப்படுபவருக்கும், சுவிட்ச் புதிதாகத் தெரிந்தால் போதும் என்பவருக்கும் இந்த இடம் ஏற்றதன்று. பழைய சுவிட்சுகளும் மறைந்த வயர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர், நிறங்களைப் பற்றி முன்கூட்டியே கறாராகப் பேசிக்கொண்டு, இயலுமானால் சரியான நிற வயர்களைத் தாமே வாங்கிக்கொண்டு போகட்டும். போயா நாட்களில் கராஜ் மூடியிருக்கும். தோட்டங்களில் சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் முச்சக்கரவண்டிகள் சந்தின் வாய்வரை நிற்பதால், பாஸுடன் நின்று பேசக்கூட வழியிருக்காது. மாதக் கடைசியில், காலை ஒன்பதுக்கு முன்னர் போவது நல்லது. ஹேண்டிலுக்குள் வயர் ஓடும் வண்டி என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், பையனை வேறு வேலைக்கு அனுப்பாமல் வைத்திருப்பார்.